மொட்டை மாடி நடை

நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னேன். சித்தப்பா இரண்டு கைகளையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டார். முன்னால் சாய்ந்தார். தொடைகள் நடுங்கின. பாதி எழுந்தவர் திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் கிடக்கும் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி அது.

"காலே என்னுது இல்லாத மாதிரி இருக்குப்பா" என்றார்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கி மேல் ஏறி இறங்கியே முப்பது வருடத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவர். எங்கள் பக்கத்தில் அந்தத் தொழிற்சாலையை முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எச்.வி.எஃப். என்பார்கள், இல்லையென்றால் டாங்கி ஃபேக்டரி. ஓய்வு பெற்ற பிறகும் தினமும் பருத்திப்பட்டிலிருந்து சைக்கிளில் மார்க்கெட் போய்வந்தவர், அன்று ஒரு நாற்காலியிடம் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தார்.

மருத்துவமனையிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து "கவுண்ட் ஏறிருச்சு" என்று டாக்டர் சொன்ன அன்று சித்தி திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். நோய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. ஆனால் ஆள் எழ முடியவில்லை. இது ஏன் என்று நான் படிக்க உட்கார்ந்தது அன்று மாலைதான்.

சித்தப்பாவுக்கு வந்தது மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் கட்டுமீறிப் பெருகி, எலும்பையே அரித்துவிடும் ரத்தப் புற்றுநோய். முதுகுவலி என்றுதான் ஆரம்பித்தது. சில மாதம் மருந்துகள் கொடுத்து நோயை அடக்கிவிட்டு, அவருடைய ஸ்டெம் செல்களையே எடுத்து அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். செய்முறையைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஊசி போட்டு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களை ரத்த ஓட்டத்துக்கு வரவழைக்கிறார்கள். ரத்தத்தை ஓர் இயந்திரம் வழியாகச் சுற்றவிட்டு அவற்றை மட்டும் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தை, மஜ்ஜையே துடைத்துப்போகும் அளவில் ஏற்றுகிறார்கள். அதன்பின் எடுத்துவைத்த செல்கள் ஒரு சின்னப் பையில் திரும்பி வந்து, குளுக்கோஸ் ஏறுவதுபோல ஏறுகின்றன. கத்தியும் இல்லை, தையலும் இல்லை. அந்த நாளுக்குப் பெயர் 'டே ஜீரோ'. அன்றிலிருந்துதான் எண்ணிக்கை. புது செல்கள் மஜ்ஜைக்கு வழி கண்டுபிடித்துக் குடியேறி, ரத்தம் செய்யத் தொடங்க ஏறக்குறைய இரண்டு வாரம். அதுவரை உடம்பில் வெள்ளை அணு கிடையாது, பிளேட்லெட் கிடையாது, வாயெல்லாம் புண், காய்ச்சல், வயிற்றுப்போக்கு.

லுகேமியா, தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியா போன்ற நோய்களுக்குப் பெரும்பாலும் இன்னொருவரின் செல்கள் வேண்டும். உடன்பிறந்த ஒருவர் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. அங்கே பாதை இன்னும் நீளம். வந்து குடியேறிய செல்கள் வீட்டுக்காரரையே எதிரியாகப் பார்த்து, தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கக்கூடும். அதை அடக்க மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டிவரும். இந்த ஸ்டீராய்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நாற்காலிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1986இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மாமன் சாண்டியின் குழு தொடங்கியது. எங்கள் மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு வேலூர் தூரமே இல்லை. அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் காட்பாடி ரயில்கள் போகின்றன. பூந்தமல்லியில் நின்றால் வேலூர் பஸ் வரும். சென்னையிலேயே இன்று பல மருத்துவமனைகள் இதைச் செய்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்றும் இருக்கிறது. முன்பின் அறியாதவர்களுக்கும் ஸ்டெம் செல் கொடையாளி தேடித்தரும் 'தாத்ரி' பதிவகம் 2009இல் சென்னையில்தான் தொடங்கியது. ஒரு காலத்தில் அமெரிக்காவில்தான் உண்டு என்று கேள்விப்பட்ட சிகிச்சை, இப்போது நம் தெருவில் ஒருவர் செய்துகொண்டு திரும்பி வருகிற சிகிச்சையாகிவிட்டது. திரும்பி வருகிறவர்கள் கூடக்கூட, 'பிழைப்பாரா' என்பதற்கு அடுத்த கேள்வி முன்னே வந்து நிற்கிறது. பிழைத்தவர் எப்படி வாழ்கிறார்?

அதை அளப்பதற்கு மருத்துவ உலகம் வினாத்தாள்கள் வைத்திருக்கிறது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான ஐரோப்பிய அமைப்பு ஒன்று தயாரித்த 30 கேள்விகள் கொண்ட தாள் உலகமெங்கும் புழங்குகிறது, தமிழிலும் உண்டு. வாந்தி, வலி, தூக்கம், கவலை, பணக்கஷ்டம் எல்லாம் அதில் கேட்கப்படுகின்றன. ஆனால் முதல் ஐந்து கேள்விகள் எதைப் பற்றி என்று பாருங்கள். கனமான பையைத் தூக்க முடிகிறதா, நெடுந்தூரம் நடக்க முடிகிறதா, வீட்டுக்கு வெளியே கொஞ்ச தூரமாவது போக முடிகிறதா, பகலில் படுக்கையிலோ நாற்காலியிலோ கிடக்க வேண்டியிருக்கிறதா, சாப்பிட, உடுத்த, குளிக்க, கழிப்பறைக்குப் போக இன்னொருவர் கை தேவைப்படுகிறதா. ஐந்தும் அசைவைப் பற்றியவை. வாழ்க்கைத் தரம் என்ற பெரிய சொல்லின் வாசலில் நிற்பது காலும் தொடையும்தான். சித்தப்பாவிடம் இந்தத் தாளைக் காட்டினேன். ஐந்தாவது கேள்வியைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். முந்தின நாள்தான் கழிப்பறையிலிருந்து எழ முடியாமல் சித்தியைக் கூப்பிட்டிருந்தார். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் பட்ட பெரிய வெட்கம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்று வாரம் படுத்தால் உடம்புக்கு என்ன ஆகும்? இதை நோயாளிகளிடம் கண்டுபிடிப்பது கடினம். எது நோயால், எது மருந்தால், எது படுக்கையால் என்று பிரிக்க முடியாது. அதனால் 1966இல் அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில், நோய் எதுவும் இல்லாத இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவைத்துப் பார்த்தார்கள். நடக்கவே விடவில்லை. எழுந்தபோது, உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. முப்பது வருடம் கழித்து, 1996இல், அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். அப்போது எல்லாருக்கும் வயது ஐம்பது. முப்பது வருட முதுமை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட, இருபது வயதில் படுத்த அந்த மூன்று வாரம் எடுத்துக்கொண்டது அதிகம்.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சித்தப்பா மருத்துவமனையில் இருந்தது கிட்டத்தட்ட அதே மூன்று வாரம். அவருக்கு வயது இருபது இல்லை. அந்த இளைஞர்களுக்குப் புற்றுநோய் இல்லை, கீமோ இல்லை, வாய்ப்புண்ணால் பட்டினி இல்லை.

படுத்தவுடனே ரத்தத்தில் இருக்கும் நீர் குறையத் தொடங்குகிறது. அதனால்தான் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைகிறது. நுரையீரலின் அடிப்பகுதி முழுதாக விரியாமல் சளி தங்குகிறது, வெள்ளை அணு இல்லாத உடம்பில் அது நிமோனியாவுக்கு வாசல். தசை தன்னைத் தானே கட்டிக்கொள்வதும் கரைத்துக்கொள்வதும் நாள்தோறும் நடக்கிற வேலை. வேலை கொடுக்காத தசையில் கட்டுவது குறைந்துபோகிறது. இதோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் கரைவது வேகமெடுக்கிறது. ஸ்டீராய்டு முதலில் கைவைப்பது இடுப்பையும் தொடையையும் சுற்றிய பெரிய தசைகளில். மைலோமாவுக்கு டெக்சாமெத்தசோன் கொடுக்கிறார்கள், பிறர் செல்களைப் பெற்றவர்களுக்குப் பிரெட்னிசோலோன். அதனால்தான் இவர்கள் நேராக நடக்கும்போது ஒன்றும் தெரியாது. நாற்காலி, மாடிப்படி, பஸ் படிக்கட்டு, இந்தியன் டாய்லெட் என்று உடம்பை மேலே தூக்க வேண்டிய இடங்களில் கால் கைவிட்டுவிடும். தரையில் உட்கார்ந்து எழுகிற ஊரில் பிறந்தவர்களுக்கு இந்த இழப்பு இரட்டிப்பு.

இன்னொன்று அசதி. உழைத்த களைப்பு தூங்கினால் போய்விடும். இந்த அசதி தூங்கி எழுந்தாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். ரத்தசோகை, உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும் அழற்சி, கெட்டுப்போன தூக்கம், மனச்சோர்வு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. அசதியாக இருக்கிறதே என்று படுக்கிறார்கள். படுத்ததால் தசை போகிறது. தசை போனதால் வாசல் வரை நடப்பதே பெரிய வேலையாகிறது. வேலை பெரிதானதால் இன்னும் அசதி. செக்குமாடு சுற்றுவதுபோல இது சுற்றிக்கொண்டே இருக்கும், யாராவது குறுக்கே புகுந்து நிறுத்தும் வரை.

குறுக்கே புக வேண்டியவர்கள் நாம். ஆனால் நாம் செய்வது என்ன? "பெரிய கண்டத்துலேர்ந்து வந்திருக்காரு, ரெஸ்ட் எடுக்கட்டும்" என்கிறோம். சித்தி தண்ணீர் டம்ளரைக்கூட அவர் கைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். டிவி ரிமோட், செல்போன் சார்ஜர், மருந்து டப்பா எல்லாம் கட்டிலைச் சுற்றி எட்டும் தூரத்தில் அடுக்கிவைக்கப்பட்டன. அம்பத்தூரிலிருந்து வந்த அத்தை, அவர் உட்கார்ந்து பேசினதற்கே "படுத்துக்கோடா தம்பி" என்று அதட்டினார். எல்லாம் அன்புதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நானே அவருடைய செருப்பை வாசலிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தவன். மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளுக்கு மட்டும் இரண்டு பக்கம் இருந்தது, எது சாப்பாட்டுக்கு முன், எது பின், எத்தனை மில்லிகிராம் என்று. உடம்பை அசைப்பதைப் பற்றி ஒரே ஒரு வரி. முடிந்தவரை நடக்கவும். 'முடிந்தவரை' என்பது எத்தனை மில்லிகிராம்?

இந்தக் கேள்வியை 1990களிலேயே கேட்டவர்கள் ஜெர்மனியில் இருந்தார்கள். ஃப்ரைபுர்க் நகரத்து டாக்டர் ஃபெர்னாண்டோ டிமியோவும் குழுவும், கடுமையான கீமோவும் சொந்த ஸ்டெம் செல்லும் பெற்ற 70 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதில் 33 பேருக்கு, படுத்தபடியே மிதிக்கிற சைக்கிள் ஒன்றைக் கட்டிலின் கால்மாட்டில் பொருத்தினார்கள். ஒரு நிமிடம் மிதிக்க வேண்டும், ஒரு நிமிடம் ஓய்வு. இப்படிப் பதினைந்து தடவை, மொத்தம் அரைமணி, தினமும். கவுண்ட் அடிமட்டத்தில் இருக்கும் நாட்களிலேயே. வீடு திரும்பும்போது சைக்கிள் மிதிக்காதவர்களின் உடல்திறன் இழப்பு, மிதித்தவர்களுடையதைவிட 27 சதவீதம் அதிகமாக இருந்தது. மிதித்தவர்களுக்கு வலியும் குறைவு, கவுண்ட் இறங்கியே கிடந்த நாட்களும் குறைவு. 1997இல் இது வெளிவந்தது. அதுவரை இப்படிப்பட்ட நோயாளியை அசைப்பதே தப்பு என்பதுதான் பொதுவான எண்ணம். ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ சைக்கிள்கள் தயாரான அம்பத்தூர்ப் பக்கத்துக்காரனான எனக்கு, இந்த மருந்து சைக்கிள் வடிவில் வந்தது தனி மகிழ்ச்சி.

ஆனால் கதை நேராகப் போகவில்லை, அதுதான் இதில் முக்கியமான இடம். 2014இல் அமெரிக்காவில் 21 மையங்களில் 711 பேரை வைத்து நடந்த மிகப் பெரிய சோதனையின் முடிவு வந்தது. மாற்று சிகிச்சைக்கு முன்பே நோயாளிகளை உட்காரவைத்து, வாரத்தில் இத்தனை நாள், இத்தனை நிமிடம் நடங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள், வழிகாட்டியும் கையில் கொடுத்தார்கள். மீதியை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். நூறாவது நாளில் அளந்தபோது, சொல்லப்பட்டவர்களுக்கும் சொல்லப்படாதவர்களுக்கும் வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசமே இல்லை.

அப்படியானால் உடற்பயிற்சி வீணா? அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2011இல், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்து யோவாகிம் விஸ்கெமான் குழு 105 பேரிடம் செய்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இவர்கள் எல்லாரும் பிறரின் செல்களைப் பெற்றவர்கள், அதாவது கடினமான பாதையில் போனவர்கள். பயிற்சிக் குழுவுக்கு மருத்துவமனையில் சேருவதற்கு முன்பே நடையும், ரப்பர் பட்டை இழுக்கும் பயிற்சியும் தொடங்கின. வார்டில் இருந்தபோது பயிற்சியாளர் நேரில் வந்து பக்கத்தில் நின்றார். வீடு திரும்பிய பின்னும் ஆறு முதல் எட்டு வாரம் நீடித்தது, தொலைபேசியில் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். மற்றக் குழுவுக்கும் நடப்பது நல்லது என்று சொல்லத்தான் செய்தார்கள். முடிவில் பயிற்சிக் குழுவுக்கு அசதி 15 சதவீதம் வரை குறைந்தது. மற்றவர்களுக்கு 28 சதவீதம் வரை ஏறியது.

இரண்டு சோதனையிலும் நடை இருந்தது. ஓரிடத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள், இன்னோரிடத்தில் கூட நின்றார்கள். ஆராய்ச்சியாளர்கள் வேறு காரணங்களும் சொல்லக்கூடும், நோயாளிகளும் வேறு, சிகிச்சையும் வேறு. ஆனால் பருத்திப்பட்டு வீட்டில் நான் கண்ணால் பார்த்தது இதைத்தான் சொன்னது. "நடங்க சித்தப்பா" என்று நான்கு நாள் சொன்னேன். தலையாட்டினார், நடக்கவில்லை. ஐந்தாம் நாள் நானே செருப்பை அலமாரியிலிருந்து எடுத்து அவர் காலடியில் போட்டு, என் செருப்பையும் மாட்டிக்கொண்டு நின்றேன். எழுந்துவிட்டார்.

ஓய்வும் மருந்துதான், அசைவும் மருந்துதான். ஆனால் மாத்திரைக்கு அளவு எழுதுகிற நாம் நடைக்கு எழுதுவதில்லை. மாத்திரையை நர்ஸ் கொண்டுவந்து வாயில் போடவைக்கிறார், நடையை மட்டும் நோயாளியின் வைராக்கியத்தில் விட்டுவிடுகிறோம். உடம்பில் ஒரு துளி தெம்பும் இல்லாதவரிடம் போய் வைராக்கியத்தை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

எங்கே நடப்பது என்பது அடுத்த பிரச்சினை. வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பருத்திப்பட்டு ஏரி, 2019இல் திறந்த பசுமைப் பூங்கா, கரையில் அருமையான நடைபாதை. ஆனால் காலையில் அங்கே கூட்டம். ஆவடி–பூந்தமல்லி சாலையில் லாரிகள் கிளப்பும் புழுதி. போரூரிலிருந்து பூந்தமல்லி வரை அப்போது மெட்ரோ தூண் வேலை வேறு நடந்துகொண்டிருந்தது. புழுதி நமக்குத் தும்மலோடு போய்விடும். எதிர்ப்பு சக்தி இன்னும் கட்டப்படாத ஆளுக்கு அப்படி இல்லை. கட்டட வேலை நடக்கும் இடத்துப் புழுதியிலும், ஈரச் சுவரிலும், மட்கிய இலையிலும் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கும். நுரையீரலில் அது வேர்விட்டால் உயிருக்கே ஆபத்து. மாற்று சிகிச்சை வார்டில் காற்றையே வடிகட்டி அனுப்புவது இதற்காகத்தான். வெயிலும் ஆகாது. பிறர் செல்களைப் பெற்றவர்களுக்கு வெயில் பட்டால் அடங்கியிருந்த தோல் பிரச்சினை மறுபடி கிளம்பலாம்.

ஆகவே மொட்டை மாடி. பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பிடித்தோம், மருத்துவமனை டாக்டரிடமும் கேட்டுக்கொண்டோம். முதலில் வீட்டுக்கூடத்தில்தான் ஒரு வாரம். பிறகு காலை ஐந்தே முக்காலுக்கு, வெயில் ஏறுவதற்குள், முகக்கவசத்தோடு மாடி. மாடிக்குப் பன்னிரண்டு படி. முதல் நாள் ஏற ஆறு நிமிடம் ஆனது, நான்காவது படியிலும் எட்டாவது படியிலும் நின்று. கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஒன்பது மீட்டர். மூன்று நடை போய்வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

எவ்வளவு வேகம் என்பதற்குப் பிசியோ எந்தக் கருவியும் தரவில்லை. "நடக்கும்போது பேச முடியணும். பாட முடியக் கூடாது. பாட முடிஞ்சா வேகம் பத்தல. பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தி" என்றார். சித்தப்பா பழைய எம்.ஜி.ஆர். பாட்டுப் பைத்தியம். நடந்துகொண்டே பாட ஆரம்பிப்பார், மூச்சு வாங்கி வரி பாதியில் அறும். "ஆங், சரியான ஸ்பீடு" என்பார். வேகமானிக் கருவிக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியாது.

டாங்கி ஃபேக்டரியில் இயந்திரத்துக்கு லாக் புக் எழுதின கை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டுத் தனக்கே லாக் புக் திறந்தார். தேதி, எத்தனை நடை, எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்தார், ஹீமோகுளோபின், பிளேட்லெட், காய்ச்சல். முப்பது விநாடியில் கையை ஊன்றாமல் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்பது உலகமெங்கும் செய்கிற எளிய பரிசோதனை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையக் கணக்கில் 60 முதல் 64 வயது ஆணுக்கு 14க்குக் கீழே போனால் குறைவு. சித்தப்பாவின் முதல் பதிவு 0. அடுத்த வாரம் 2. அந்த 2ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறார்.

எல்லா நாளும் நடை நாளாக இல்லை. பிளேட்லெட் சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். பத்தாயிரத்துக்குக் கீழே இருந்தால் பல மையங்கள் பயிற்சியை நிறுத்திவிடுகின்றன. இருபதாயிரம், ஐம்பதாயிரம் என்று ஏற ஏற, நடை, லேசான ரப்பர் பட்டை, பிறகு எடை என்று அனுமதிக்கின்றன. மருத்துவமனைக்கு மருத்துவமனை கணக்கு மாறும், அவரவர் டாக்டரைக் கேட்க வேண்டும். உடல்சூடு 100.4 டிகிரியைத் தொட்டால் நடை கிடையாது, அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போன். நெஞ்சுவலி, தலைசுற்றல், புதிதாகக் கிளம்பும் எலும்பு வலி எல்லாம் நிறுத்தச் சொல்லும் சிவப்பு விளக்குகள். ஸ்டீராய்டு நெடுநாள் எடுத்தவர்களுக்குத் தொடைச் சந்தில் வலி வந்தால் இடுப்பெலும்பை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும், ரத்தம் போகாமல் எலும்பு முனை நசிந்துபோவது அவர்களுக்கு உண்டு. மைலோமாக்காரர்கள் குனிந்து கனம் தூக்கவே கூடாது, அரித்த முதுகெலும்பு நொறுங்கிவிடும்.

ஒருநாள் சித்தப்பா ஒரு கால் செருப்போடு நடந்துகொண்டிருந்தார். இன்னொன்று தொட்டிப் பக்கம் கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. மைலோமாவுக்குக் கொடுக்கும் போர்டெசோமிப் மருந்து பாதத்து நரம்புகளை மரக்கவைக்கும். தரை தெரியாத பாதம் தடுக்கி விழும், பிளேட்லெட் குறைந்தவர் விழுந்தால் மண்டைக்குள் ரத்தம் கசியும். அன்றே பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு வாங்கினோம். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு பிசியோ சொல்லிக்கொடுத்தார். இந்த மாதிரி விஷயம் எந்தத் தாளிலும் எழுதியிருக்காது, கூட நடக்கிறவர் கண்ணில்தான் படும்.

சாப்பாடு இல்லாமல் தசை வராது. முட்டை, பருப்பு, சுண்டல், நன்றாக வெந்த கோழி. பச்சையாக எதுவும் இல்லை, வெளிச் சாப்பாடு இல்லை. சித்தியின் அன்பை டம்ளர் கொண்டுவருவதிலிருந்து முட்டை அவிப்பதற்குத் திருப்பிவிட்டோம். தண்ணீர்ப் பானை கூடத்துக் கோடியில் போய்விட்டது. தாகம் எடுத்தால் அவரே எழ வேண்டும். முதல் நாள் சித்தி என்னோடு பேசவில்லை.

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு நிபுணர்கள் இன்று பொதுவாகச் சொல்லும் அளவு, வாரம் மூன்று நாளாவது அரைமணி நேரம் மூச்சு வாங்கும் நடை, அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி, இப்படி எட்டு முதல் பன்னிரண்டு வாரம். அசதியும் கவலையும் குறைவதற்கும் உடல்திறன் கூடுவதற்கும் சான்று வலுவாக இருக்கிறது. மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களின் ஆயுளை நீட்டுமா என்பதற்கு இன்னும் அந்த வலு வரவில்லை. அதைச் சொல்லி யாருக்கும் ஆசைகாட்டக் கூடாது. நாற்காலியிலிருந்து எழுவதற்கே இந்த மருந்து போதும், அதற்கு மேல் அது எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

எங்களுக்குப் பிசியோவுக்குக் கொடுக்கப் பணம் இருந்தது, காலையில் ஒரு மணி நேரம் கூட நடக்க நான் இருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் பார்க்கும் மகனோ மகளோ மட்டும் இருக்கிற வீட்டில், திருவேற்காட்டிலோ பட்டாபிராமிலோ மூன்றாம் மாடி வாடகை வீட்டில், யார் கூட நடப்பார்கள்? பதில் நம் மாநிலத்திலேயே பாதி தயாராக இருக்கிறது என்பது என் எண்ணம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையோடு இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார். பக்கவாதம் வந்தவரை எழுப்பி நிற்கவைக்கிற அதே கைகள் மஜ்ஜை மாற்று முடிந்து வந்தவரையும் எழுப்பும். வேண்டியது இரண்டே. டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே மருத்துவமனையிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கடிதம், அதில் பிளேட்லெட் அளவோடு எழுதிய நடை அளவு. 2023இல் அரசு மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்றது. நல்ல காரியம். அந்த 8 கிலோமீட்டருக்குப் போக முடியாமல் வீட்டுக்குள் 9 மீட்டரில் தொடங்க வேண்டியவர்களையும் அது கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

லாக் புக்கில் ஏழாவது வாரம் 6. பத்தாவது வாரம் 9. நடுவில் ஒரு பக்கம் முழுக்கக் கோடு. காய்ச்சல் வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். திரும்பி வந்ததும் மறுபடி 5. அன்று நோட்டை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குச் சித்தி மாடிப்படியின் கீழே நின்றுகொண்டிருந்தார், காலில் செருப்போடு, ஒரு கையில் அந்த நோட்டு. "வாங்க, நானும் வரேன்" என்றார். அதற்குப் பிறகு என் தேவை அங்கே இல்லாமல் போனது.

டாக்டர் அனுமதித்த பிறகு, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஏரிக்கரைக்குப் போனார்கள். முதல் தடவை பாதி தூரம் போய்த் திரும்பினார்கள். நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்ததைச் சித்தப்பா போனில் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்.

போன கோடையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாடியில் சித்தி வத்தல் போட்டிருந்தார். துணி பறக்காமல் இருக்க ஒரு மூலையில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வைத்திருந்தார். சித்தப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முழங்காலில் ஒரு கை வைத்து எழுந்து, "டீ போடச் சொல்றேன் இரு" என்று படியிறங்கிப் போனார்.